மரியாதை தெரிந்த ஊரில் ஒரு நடுவர்

கார்த்திகை மாதத்து இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை. எங்கள் தெருவுக்குத் தண்ணீர் விடும் முறை அன்று. விடியலில் எழுந்து, குடிக்கிற தண்ணீரைத் தனியாகவும் புழங்குகிற தண்ணீரைத் தனியாகவும் பிடித்து மூடி வைத்தேன். பால் காய்ச்சினேன். மதியத்துக்கு அரிசிம்பருப்பு சோறு ஆக்கி, வீட்டுக்காரருக்கு எடுத்துப் போட்டுச் சாப்பிட வசதியாகத் தட்டையும் மேசைமேல் வைத்தேன். முதல் நாளே தேய்த்து வைத்திருந்த பருத்திப் புடவையை உடுத்திக்கொண்டு, மேசைமணியைத் துண்டில் சுற்றிக் கைப்பைக்குள் வைத்தேன்.

சுற்றாமல் வைக்கக் கூடாது. ஒருமுறை அப்படி வைத்து, உடுமலைப் பேருந்துக் குலுக்கலில் அது பைக்குள்ளேயே அடிக்க, யாரோ இறங்க வேண்டும்போல என்று நினைத்து ஓட்டுநர் வண்டியை நிறுத்திவிட்டார். நடத்துநர் ஒவ்வோர் இருக்கையாக வந்து, "ஏனுங்க, நீங்க எறங்கோணுமுங்களா?" என்று கேட்டார். நானும் எல்லோரையும் போல "இல்லீங்க" என்று சொல்லிவிட்டேன்.

தொடரைப் புதிதாகப் படிக்கிறவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். நான் சாந்தாமணி. கோவையில் ஒரு மகளிர் கல்லூரியின் நூலகர். விடுமுறை நாட்களில் ஒரு பட்டிமன்றக் குழுவுக்கு நேரம் பார்க்கிறவள். பேச்சாளருக்குக் கொடுத்த நேரம் முடிந்ததும் மணி அடிப்பது என் வேலை. குழுவின் நடுவர் பேராசிரியர் அமலோற்பவம், எங்கள் கல்லூரியில் தமிழ் இலக்கியம் நடத்தி ஓய்வு பெற்றவர். கோவைப் பக்கத்தில் அவர் பேச்சுக்குச் சிரிக்காத ஊர் குறைவு. நான் 'மேடம்' என்று எழுதினால் அது அவர்தான்.

அன்று மாலை பொள்ளாச்சியில், தேங்காய் வியாபாரிகளின் ஆண்டு விழாவில் எங்கள் பட்டிமன்றம். மேடம் பக்கவாதம் வந்து தேறிய பிறகு ஏறப்போகிற முதல் மேடை.

கையும் காலும் ஏறக்குறையப் பழைய நிலைக்கு வந்துவிட்டன. நாக்குதான் பின்தங்கிவிட்டது. சொல் தெளிவாகவே வரும். ஆனால் ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவே இடைவெளி விழும். எதிரில் இருப்பவர் பதறிப்போய், அவர் சொல்ல வந்ததைத் தானே சொல்லி முடித்துவிடுகிற அளவுக்குச் சில சமயம் அது நீளும்.

மகன் ஜெரால்டுக்கு இந்த நிகழ்ச்சியில் விருப்பமே இல்லை. சரவணம்பட்டியில் கணினி நிறுவனத்தில் வேலை பார்க்கிறவர். அம்மாவைப் பார்த்து ஊரே சிரித்ததைச் சின்ன வயதிலிருந்து பெருமையாகக் கண்டவர். "அதே ஊரு இப்ப அம்மாவப் பாத்து ஐயோ பாவம்னு சொல்றத என்னால பாக்க முடியாதுங்க ஆன்ட்டி" என்றார் என்னிடம்.

வீட்டில் பேசி ஒரு முடிவுக்கு வந்திருந்தார்கள். முடிவைச் சொன்னவர் மேடம்தான்.

"இன்னைக்கு… சனம் சிரிச்சா… தொடருவேன். சிரிக்கலைன்னா… இதோட மேடைய விட்டுர்றேன். யாரும்… சமாதானம் சொல்லக்கூடாது."

புகார் சொல்லப் போனவள்

சத்தமே கூடாது என்கிற நூலகரும் சிரிக்கவைப்பதையே தொழிலாக வைத்திருந்த பேராசிரியரும் எப்படிச் சிநேகிதமானீர்கள் என்று வாசகி ஒருவர் கேட்டிருந்தார். சிநேகிதத்துக்குக் காரணம் ஒரு சுவர்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் நூலகத்துக்கும் தமிழ்த்துறை வகுப்பறைக்கும் ஒரே சுவர். நான் 'அமைதி காக்க' என்று பலகை எழுதி மாட்டிய இடத்துக்கு நேர் பின்னால் அவருடைய கரும்பலகை. தினமும் மதிய இடைவேளைக்கு முந்தைய வகுப்பில், சுவருக்கு அந்தப் பக்கம் ஓடு பறக்கிற மாதிரி சிரிப்பு வெடிக்கும். பொறுத்துப் பார்த்துவிட்டு ஒருநாள் எழுந்து போனேன்.

வாசலில் போய் நின்றபோது அவர் பழைய அகப்பாடல் ஒன்றை நடத்திக்கொண்டிருந்தார். தோழி தலைவனைக் கடிந்துகொள்ளும் இடம். குள்ளமான உருவம். மேசைக்குப் பின்னால் நின்றால் மாணவிகளுக்குத் தெரியாது என்று மேசைக்கு முன்னால் நின்று பேசுவார்.

"தோழி இத்தன நேரம் வாசல்ல நின்னு திட்டறாளே, ஏன்? கதவச் சாத்தறதுக்கு மனசில்ல. நெசமாக் கோவம்னா ஒரே சொல்லு, 'போ!' அத்தோட முடிஞ்சுது. நின்னு நிதானமா, அடுக்கடுக்காத் திட்டறவளுக்கு உள்ள ஆசை இருக்குதுன்னு அர்த்தம்."

சொல்லிக்கொண்டே திரும்பியவர் என்னைப் பார்த்துவிட்டார்.

"ஏனுங்க அம்மணி, ரொம்ப நேரமா வாசல்லயே நிக்கறீங்க. திட்ட வந்தீங்களா, உள்ள வர்றீங்களா?"

வகுப்பு முழுவதும் என்னைப் பார்த்துச் சிரித்தது. எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். மணி அடிக்கிறவரை எழுந்திருக்கவில்லை.

அந்த பெஞ்சுகளில் உட்கார்ந்து எழுந்தவர்கள் இப்போது எங்கெங்கேயோ இருக்கிறார்கள். போன வருடம் கண் பரிசோதனைக்குப் போயிருந்தேன். மருந்து விட்ட செவிலி, "அசையாம இருங்க, அம்மா சொன்ன கதை ஒண்ணு சொல்றேன்" என்று ஆரம்பித்தாள். தமிழ்த்துறையில் ஆசிரியர்களை 'அம்மா' என்றுதான் அழைப்பார்கள். யார் அந்த அம்மா என்று நான் கேட்கவே தேவைப்படவில்லை. இழுத்துப் பேசுகிற அந்த ராகம் அப்படியே இருந்தது. பாதியில் நிறுத்திவிட்டாள். "முழுசும் சொன்னா சிரிச்சுக் கண்ணத் தொறந்துபோடுவீங்க. மீதிய அடுத்த சொட்டு விடறப்பச் சொல்றேன்." எந்த இடத்தில் நிறுத்த வேண்டும் என்பதையும் அந்த வகுப்பில்தான் கற்றிருந்தாள்.

செருப்புக்கு அடியில் கால்

மேடம் பிறந்தது வால்பாறையில், தேயிலைத் தோட்டத் தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயன் வீட்டில். அப்பா தேயிலை ஆலையில் வேலை பார்த்தார். படிப்புக்காகக் கோவை விடுதிக்கு வந்தபோதுதான் முதன்முதலில் மலையை விட்டு இறங்கினாராம். இங்கே எல்லோரும் எல்லாரையும் 'வாங்க, போங்க' என்று சொல்வதைக் கேட்டு, தன்னைக் கேலி செய்கிறார்கள் என்று ஒரு வாரம் யாரோடும் பேசவில்லையாம்.

பிறகு அதையே தன் சரக்காக்கிக்கொண்டார். அவர் மேடையில் முதலில் பேசி, இன்றுவரை ஊர் ஊராகக் கேட்கப்படுவது இது:

"காந்திபுரத்துல டவுன் பஸ்ஸுல ஏறுனேன். ஒருத்தர் என் கால மிதிச்சுட்டு நிக்கறார். நான் வலியில நெளியறேன். அவரு குனிஞ்சு ரொம்பப் பணிவாச் சொல்றாரு, 'ஏனுங்க, உங்க காலு எம்பட செருப்புக்கடியில மாட்டிக்கிச்சுங்க. கொஞ்சம் எடுத்துக்குங்க.' நானும் 'மன்னிச்சுக்குங்க'ன்னு எடுத்துக்கிட்டேன். அன்னைக்குத்தான் நானும் கோயமுத்தூர்க்காரி ஆனேன்."

எந்த ஊரில் நிகழ்ச்சி என்றாலும் மதியமே போய்விடுவார். குறிப்பு எழுதி வரமாட்டார். சந்தையில் நடப்பார், கடைக்காரர்களிடம் வாயைக் கொடுப்பார். பொள்ளாச்சி மாட்டுச் சந்தையில், துண்டுக்கடியில் விரலைப் பிடித்துத் தரகர்கள் விலை பேசுவதை ஒருநாள் நின்று பார்த்தார். அன்று மாலையே மேடையில் ஒரு மாமியாரும் மருமகளும், யார் பாத்திரம் கழுவுவது என்பதை முந்தானைக்கடியில் விரல் பிடித்துப் பேரம் பேசினார்கள். மாட்டுத் தரகர்கள்தான் எழுந்து நின்று கை தட்டினார்கள்.

நடுவர் என்றால் ஆண் என்றிருந்த காலத்தில் அந்த நாற்காலியில் உட்கார்ந்தவர் அவர். முதல் சில வருடங்கள் விழாக்காரர்கள் மாலையை எடுத்துக்கொண்டு வந்து, "நடுவர் ஐயா எங்கீங்க?" என்று கேட்பார்கள். "ஐயா வரலீங்க, எனக்கே போட்டுடுங்க" என்பார்.

வண்டிக்குள் வந்த பேரீச்சம்பழம்

எங்கள் குழுவில் இன்னொருவரைச் சொல்லியாக வேண்டும். காதர் பாய். உக்கடத்தில் பாத்திரக் கடை வைத்திருக்கிறார். ஏதோ ஒரு அணிக்குத் தலைவராகப் பேசுவார். எந்த அணி என்பது யாருக்கும் முக்கியமில்லை. அவர் நடுவரைச் சீண்டுவதையும், நடுவர் திருப்பிக் கொடுப்பதையும் கேட்கத்தான் கூட்டம் வரும்.

"மைக்குக்குப் பின்னால கொரல் மட்டும் கேக்குது, நடுவர் வந்துட்டாங்களாங்க?" என்பார் பாய்.

"தேயிலைத் தோட்டத்துல பொறந்துட்டுக் காப்பி குடிக்கற துரோகிங்க இவங்க" என்பார்.

"பாய் கடையில வாங்குன சட்டியில ஒருநாளும் அடி பிடிக்காதுங்க. அடின்னு ஒண்ணு இருந்தாத்தானே?" என்பார் மேடம். மறுநாள் கடைக்கு வருகிறவர்கள் சட்டியைக் கவிழ்த்துப் பார்த்துவிட்டுத்தான் வாங்குவார்களாம். பாய்க்கு அதில் பெருமை.

அன்று பொள்ளாச்சிக்குப் புறப்பட்ட வேனில் ஏறிய காதர் பாய் சீண்டவில்லை. மேடத்தின் பையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். பேரீச்சம்பழப் பொட்டலத்தை நீட்டினார்.

"தெம்புக்கு நல்லதுங்க டீச்சர். தொழுகையில தெனமும் உங்களுக்காக துஆ செய்யறேனுங்க."

மேடம் பழத்தை வாங்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டார். கிணத்துக்கடவு தாண்டியது. பிறகு என் காதருகே குனிந்தார்.

"பாயிக்கு… என்ன ஆச்சு… அம்மணி? ஒடம்பு… சரியில்லையா?"

மண்டபத்திலும் அதே கதைதான். வாசலிலேயே நாற்காலி போட்டு, அதன்மேல் தலையணை போட்டு வைத்திருந்தார்கள். விழாத் தலைவர் கூப்பிய கையை இறக்கவில்லை. சமையற்கட்டில் தேங்காய் துருவிக்கொண்டிருந்த பெண்களிடம் மேடம் வழக்கம்போலப் போய் உட்கார்ந்தார். வழக்கமாக அங்கே ஒரே கூத்தாக இருக்கும். அன்று அவர்கள் எழுந்து நின்று, எது கேட்டாலும் "ஆமாங்கம்மா" என்று மட்டும் சொன்னார்கள்.

"எல்லாரும்… ரகசியமாப் பேசறாங்க… அம்மணி. எனக்குக் காது… நல்லாத்தானே… கேக்குது?"

நான் சிரித்தேன். என் சிரிப்பு கணக்கில் சேராது என்பது இருவருக்கும் தெரியும்.

கைதட்டல்

வெயில் தாழ்ந்ததும் தொடங்கியது. தலைப்பு: 'வீட்டில் பேச்சு குறைந்ததற்குக் காரணம் கைப்பேசியா, வேலைப்பளுவா?' மண்டபம் நிறைந்திருந்தது. ஜெரால்டு முதல் வரிசையில், ஓரத்து நாற்காலியில்.

மேடம் ஒலிபெருக்கியைப் பிடித்து "அனைவருக்கும்…" என்றார். அடுத்த சொல்லுக்கு முன் இடைவெளி விழுந்தது. அதற்குள் மண்டபம் முழுவதும் எழுந்து நின்று கைதட்டியது. வாழ்த்தத்தான் தட்டினார்கள். ஆனால் அவர் "வணக்கம்" என்றது யாருக்கும் கேட்கவில்லை.

தன்னைப் பற்றிய சிரிப்போடுதான் எப்போதும் ஆரம்பிப்பார்.

"டாக்டர்… எங்கிட்டக் கேட்டாரு… 'ஒரு நாளைக்கு… எவ்வளவு நேரம்… பேசுவீங்க?'ன்னு. எம்மவன் சொன்னான்… 'தூங்கற நேரத்த மட்டும்… கழிச்சுக்குங்க சார்'."

நல்ல துணுக்கு. முன்பு சொல்லியிருந்தால் கூரை கிழிந்திருக்கும். இப்போது ஒவ்வோர் இடைவெளியிலும் கூட்டம் தலையை ஆட்டியது. முடிந்ததும் சிலர் கை கூப்பினார்கள். மூன்றாவது வரிசையில் ஓர் அம்மாள் முந்தானையால் கண்ணை ஒற்றிக்கொண்டு, "பாவமுங்க" என்றார், மேடைவரை கேட்கிற மாதிரி.

யாரும் சிரிக்கவில்லை.

எங்கள் ஊர்க்காரர்களை எனக்குத் தெரியும். நோவாளி எதிரில் சிரிப்பது மரியாதை இல்லை. சிரிப்பு வந்தாலும் விழுங்கிவிடுவார்கள். கால் மிதிபட்டாலும் மன்னிப்புக் கேட்கிற ஊர் என்று மேடம் எத்தனையோ மேடையில் சொன்னதுதான் இப்போது அவர் எதிரில் வரிசை வரிசையாக உட்கார்ந்திருந்தது.

பேச்சாளர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். எல்லோரும் நடுவரைப் புகழ்ந்துவிட்டு ஆரம்பித்தார்கள். ஜெரால்டு கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். மேடம் முகத்தில் நான் அதுவரை பார்க்காத ஒரு களைப்பு.

காதர் பாய் வேலைப்பளு அணிக்குப் பேச எழுந்தார். நல்ல கருத்துகள், ஒழுங்கான பேச்சு. நடுவரைப் பார்த்து ஒரு சீண்டல்கூட இல்லை. நேரம் முடிந்தது. மணியை அடித்தேன். அவர் பணிவாகக் கும்பிட்டுவிட்டுத் தன் இடத்துக்குத் திரும்பினார்.

"நோம்புங்களா?"

"உக்காராதீங்க… பாய்."

பாய் நின்றார்.

"நீங்க இன்னும்… என்னையத்… திட்டலீங்களே."

"ஐயோ, இன்னைக்கு வேண்டாமுங்க டீச்சர்."

"ஏனுங்க… நோம்புங்களா?"

பின்வரிசையில் எங்கோ ஒரு சிரிப்பு கிளம்பி, பக்கத்தில் இருந்தவர் முறைத்ததில் அடங்கியது.

"உங்க திட்டுக் கேட்டுத்தான்… இத்தன வருசம்… தெம்பா நின்னேன். நீங்களும்… பாவம்னு பாத்தா… நான் ஊட்டுக்கே… போயிர்றேனுங்க."

அவர் வேடிக்கையாகச் சொல்லவில்லை என்பது பாய்க்குப் புரிந்தது. என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் மணிமேல் வைத்திருந்த கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். அத்தனை வருடங்களில், நேரம் முடிந்த ஒருவரைப் பேச விட்டது அன்றுதான்.

பாய் ஒலிபெருக்கிக்கு வந்தார். தொண்டையைச் செருமினார்.

"நடுவர் அவர்களே! நீங்க ஒரு வாக்கியத்தச் சொல்லி முடிக்கறதுக்குள்ள, எங்கூட்டுல கொழம்பு கொதிச்சு, எறக்கி, ஆறி, பரிமாறியே போடுவாங்க!"

மண்டபம் அதிர்ந்துபோனது. "அடக் கருமமே" என்றார் அந்த மூன்றாம் வரிசை அம்மாள். விழாத் தலைவர் பாதி எழுந்துவிட்டார். ஜெரால்டின் கைகள் நாற்காலிப் பிடியை இறுக்கிக்கொண்டன. பாயின் முகம் வெளுத்திருந்தது.

மேடம் ஒலிபெருக்கியை நெருங்கினார். பாயை மேலும் கீழும் பார்த்தார். மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. நாக்கு வராமல் நிற்கிறாரா, வேண்டுமென்றே நிற்கிறாரா என்று எனக்கே தெரியவில்லை.

"பாய்…"

எல்லோரும் அவர் வாயையே பார்த்தார்கள்.

"அந்தக் கொழம்ப… உங்க கடைச் சட்டியிலயா… வெச்சாங்க?"

பாய் வாயைத் திறந்தார். மேடம் கையைக் காட்டி நிறுத்தினார். மறுபடியும் அந்த நீண்ட இடைவெளி. இந்த முறை மண்டபமே முன்னால் சாய்ந்து காத்திருந்தது.

"அப்ப… கொதிச்சிருக்காதுங்க. ஒழுகியிருக்கும்."

முதலில் வெடித்தது சமையற்கட்டு வாசல். தேங்காய் துருவிய பெண்கள் வந்து நின்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்கள். அங்கிருந்து அலை மாதிரி முன்வரிசைவரை வந்தது. மூன்றாம் வரிசை அம்மாள் அதே முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கினார். காதர் பாய் மேடையிலேயே குனிந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

ஜெரால்டு சிரிக்கவில்லை. வாயைத் திறந்தபடி அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த முகத்தில் என்ன இருந்தது என்று எழுத எனக்குத் தெரியவில்லை. நான் பெற்ற பிள்ளை அப்படி என்னைப் பார்த்தால் போதும் என்று நினைத்தேன்.

அதற்குப் பிறகு நிறுத்த முடியவில்லை. "கல்யாணத்துக்குப் பேசக் கூப்பிட்டா, நீங்க முடிக்கறப்ப வளகாப்பே வந்துரும்" என்றார் பாய். "நல்லதுங்க… ரெண்டு பந்தி… சாப்பிடலாம்" என்றார் மேடம். ஒவ்வோர் இடைவெளியும் இப்போது வேறாகிவிட்டது. முன்பு அவர் வேகத்தில் சிரிப்பு பின்னால் ஓடி வரும். இப்போது அது முன்கூட்டியே வந்து வாசலில் காத்திருந்தது.

தீர்ப்பு

"பேச்சக் கொறச்சதுல… போனுக்கும் பங்கிருக்கு… வேலைக்கும் பங்கிருக்கு. ஆனா நம்மூர்ல… இன்னொண்ணு இருக்குதுங்க. 'சொன்னா… அவுங்க மனசு நோகுமே'ன்னு… சொல்லாம விடறது. நோவாளிகிட்டப் பேசறதில்ல… அவளச் சுத்தி நின்னு… ரகசியம் பேசறோம். இந்தப் பாயி… என்னைய திட்டற வரைக்கும்… நான் செத்துப்போயிட்டனோன்னு… எனக்கே சந்தேகமுங்க."

சிரித்தார்கள்.

"கடைசியா… தீர்ப்பு. கைப்பேசி அணிக்குத்தான். பாயி நல்லாத்தான் பேசுனாரு. அவருக்குக் குடுத்தா… பாவம் பாத்துக் குடுத்துட்டேன்னு… சொல்லுவீங்க."

பந்தியில் பாய் மேடத்துக்கு எதிரில் உட்கார்ந்தார். "சட்டி ஒழுகற விசயத்த டவுனுக்குள்ள சொல்லிப்போடாதீங்க டீச்சர், யாவாரம் படுத்துரும்."

"படுத்தா… முழுநேரமும்… திட்ட வந்துருங்க."

இலையை மடித்துவிட்டு எழுந்த ஜெரால்டு என் பக்கத்தில் வந்து நின்றார். "அடுத்து எந்த ஊருங்க ஆன்ட்டி?" என்று கேட்டார். அவ்வளவுதான் கேட்டார்.

மறுநாள் காலை நான் பல் துலக்கும் முன்பே கைப்பேசி அடித்தது. மேடம்.

"அம்மணி… ராத்திரி படுத்து யோசிச்சேன். 'கடைச் சட்டியிலயா'ன்னு கேட்டனே… அதுக்கு முன்னால… இன்னும் கொஞ்சம்… விட்டிருக்கோணும். அவசரப்பட்டுட்டேன். ஒருக்கா சொல்லிப் பாக்கோணும். நீங்க பாயா இருங்க. திட்டுங்க."

"நானாங்க மேடம்?"

"நீங்கதானுங்க. மரியாதை… கூடாது."

அவரை நான் ஒருமுறைகூட எதிர்த்துப் பேசியதில்லை. வீட்டுக்காரர் கூடத்தில் தூங்கிக்கொண்டிருந்தார். சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டேன்.

"நீங்க பேசி முடிக்கறதுக்குள்ள, எங்க நூலகத்துல எடுத்த புஸ்தகத்துக்குத் திருப்பிக் குடுக்கற தேதியே தாண்டிப் போயிருமுங்க!"

மறுமுனையில் சத்தமே இல்லை. நான் 'ஹலோ' என்று சொல்லவில்லை. அடுப்போரமாகச் சாய்ந்து நின்று, சிரிப்பை அடக்கிக்கொண்டு காத்திருந்தேன்.